நாகை வீடு (குழு)

செல்வி: அப்பாவோட 70க்கு சிங்கப்பூர்ல இருந்து பினாங்கு கப்பல், 3 ராத்திரி. யார் யார் வர்றீங்க? நாளைக்குள்ள ரூம் போடணும்

ராஜம் அத்தை: நடுக்கடல்லயா?

ராஜம் அத்தை: அண்ணனுக்கு பைபாஸ் ஆகி ரெண்டு வருஷம்தான் ஆகுது

கார்த்தி: நான் ரெடி

முருகேசு சித்தப்பா: அக்கா, பயப்படாதே. அது மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. தெற்கே ஏறக்குறைய 65 கிமீதான் அகலம். நட்டநடுவுல நின்னாலும் கரை 30, 35 கிமீ. டெக் 30 மீட்டர் உயரம்னா, பூமி வளைவால கடல் 20 கிமீக்கு மேல கண்ணுக்குத் தெரியாது. அதான் நடுக்கடல் மாதிரி இருக்கும்

கார்த்தி: 👍

முருகேசு சித்தப்பா: கரையை ஒட்டிப் போறதுதான் ஆபத்து. 2012ல இத்தாலியில கோஸ்டா கான்கோர்டியா ஜிலியோ தீவுப் பாறையில மோதி 32 பேர் செத்தாங்க

அம்மா: நல்ல நாள் பேச்சுல இது எதுக்கு

ராஜம் அத்தை: 2004ல தெருவுக்குள்ள தண்ணி வந்தப்பவும் நீ கப்பல்லதான் இருந்தே

முருகேசு சித்தப்பா: இருந்தேன். ஆழ்கடல்ல அந்த அலை ஒரு மீட்டர்கூட எழும்பல, எங்களுக்குத் தெரியவே இல்ல. டீ குடிச்சிட்டு இருந்தேன். சாயங்காலம் ரேடியோவுலதான் கேட்டேன். அம்மாவைத் தூக்கிட்டு ஓடினது நீயும் அத்தானும்தான். அதை மறக்கலக்கா

ராஜம் அத்தை: சரி விடு

கார்த்தி: அந்த வீட்டுப் பட்டா என்னாச்சு சித்தப்பா?

அம்மா: பட்டா பேச்சு இங்க வேண்டாம்

ராஜம் அத்தை: நெஞ்சு வலிச்சா?

முருகேசு சித்தப்பா: கப்பல்ல டாக்டர் உண்டு. பெரிய வைத்தியம்னா கரைக்குத்தான் இறக்கணும். இங்க கரை கிட்ட. லாஸ் ஏஞ்சலிஸ்ல இருந்து ஹவாய் போறவங்களுக்குப் பாதி வழியில எந்தப் பக்கமும் 2000 கிமீ

செல்வி: எல்லாரும் போனை ஏரோபிளேன் மோட்ல வைங்க. கப்பல் டவர் பிடிச்சா பில் எகிறிடும்

அப்பா: நான் வர்றேன். வியாழக்கிழமை டாக்டரைக் கேட்டுட்டு

ராஜம் அத்தை: அண்ணன் வந்தா நானும். ஜன்னல் வச்ச ரூம்

செல்வி: நாளைக்குச் சொல்லணும்பா, வியாழன் இல்ல. அத்தை, பாஸ்போர்ட் தேதி பாருங்க

ராஜம் அத்தை: பீரோ சாவி மாமாகிட்ட. வரட்டும்