பார்வை குறைந்த பிள்ளை கணினி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், எப்படிப் படிப்பிக்கலாம்?

கொட்டகலை மிஸ்:
வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கணினி படிப்பிக்கிறேன், என்விகியூ (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டம். இந்த முறை தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள், சாதாரண தரம் முடித்தவள், கெட்டிக்காரி. நேரே இருப்பது ஓரளவு தெரிகிறது, பக்கத்தில் வருவது தெரியாது, பொழுது சாய்ந்தால் ஒன்றுமே தெரியாது. கண்ணாடி போட்டும் பிரயோசனம் இல்லையாம். மேலே இருப்பவர்கள் “இங்கே சரிவராது, இப்படிப்பட்டவர்களுக்கு என்று இருக்கிற இடத்துக்கு அனுப்புங்கள்” என்கிறார்கள். கொழும்புப் பக்கம் போய்த் தங்கிப் படிக்க வீட்டில் வசதி இல்லை, இங்கிருந்து அனுப்பினால் தோட்டத்து வரிசை வீட்டிலேயே, லயத்திலேயே, இருந்துவிடுவாள். நோட்ஸை 28 அளவு எழுத்தில் அடித்துக் கொடுத்தாலும் இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள், ஏன் என்று விளங்கவில்லை. மென்பொருள் வாங்கப் பணமும் இல்லை. என்ன செய்யலாம்?

ஊவாக்காரன்:
மிஸ், தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். எனக்குப் பார்வை அறவே இல்லை, பண்டாரவளையில் ஓர் அலுவலகத்தில் கணினியில்தான் வேலை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி அவளுக்கு நடுப்பகுதி மட்டும் தெரிகிறது போல. அப்படியானவர்களுக்கு எழுத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் ஒரு பார்வைக்கு இரண்டு மூன்று எழுத்துத்தான் அகப்படும், வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். பெரிய எழுத்து உதவுவது நடுப்பார்வை போனவர்களுக்கு. பிள்ளையையே பக்கத்தில் வைத்து 14, 16, 18 என்று காட்டி எது வசதி என்று கேளுங்கள். விண்டோஸ் விசையோடு கூட்டல் விசையை அழுத்தினால் உருப்பெருக்கி வரும், அதில் கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிறம் மாறிக் கறுப்பில் வெள்ளை எழுத்து வரும். நிறையப் பேருக்குக் கண் கூசாது.

மென்பொருளுக்குக் காசே வேண்டாம். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ இலவசம், 2006இல் அவுஸ்திரேலியாவில் கண் தெரியாத ஓர் இளைஞர் தொடங்கியது, பென்டிரைவில் போட்டும் ஓட்டலாம், தமிழும் வாசிக்கும். குரல் கரகரவென்று இருக்கும், கொஞ்ச நாளில் காது பழகிவிடும். ஆனால் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது, நம் ஊர் நோட்ஸ் எல்லாம் பாமினி எழுத்துருவில்! திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்று இருப்பதை எழுத்தெழுத்தாக வாசிக்கவிட்டால் எம், கே, செமிகோலன், கே, எச் என்றுதான் கேட்கும். தமிழ் எழுத்தை உள்ளேயும் தமிழாகவே வைத்திருக்கும் யுனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. இனி அடிப்பதை முதலிலேயே யுனிகோடில் அடித்துவிடுங்கள், கை பழகிய பாமினி விசை அமைப்பிலேயே அதைச் செய்யலாம். படமாக ஸ்கேன் பண்ணிய பீடிஎஃப் அனுப்பினாலும் அதே கதைதான், குரல் மௌனமாகிவிடும்.

தலவாக்கலை அக்கா:
மேலே சொன்னதோடு வகுப்பில் பேசுகிற விதமும் முக்கியம், என்னைக் கேட்டால் அதுதான் முதலில். “இதைக் கிளிக் பண்ணி இங்கே கொண்டுவாங்க” என்றால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. “ஃபைல் மெனுவைத் திறந்து சேவ் ஆஸ்” என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள், விசைக் குறுக்குவழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். போர்டில் எழுதுவதை எழுதும்போதே வாயால் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் அது நல்லதுதான். ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்காதீர்கள், மூடுபனி விலகிச் சட்டென்று வெயில் அடித்தால் திரையே தெரியாது. மேசை கதிரையை இடம் மாற்றினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படிக்கட்டு விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்டு இழுபட வேண்டியதில்லை.

மேலிடத்துக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது, 23ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐநா சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுவிட்டது. சண்டைக்குப் போக வேண்டாம், கடிதத்தில் இந்த இரண்டையும் எழுதி, அவளுக்கு என்னென்ன ஒழுங்கு செய்கிறீர்கள் என்பதையும் எழுதி ஒப்படையுங்கள். மதிப்பீட்டுக்கு மேலதிக நேரம் வேண்டும் என்றால் கடைசி மாதம் வரை வைத்திருக்காமல் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

லிந்துலைத் தம்பி:
என் அக்காவுக்கும் இதே மாலைக்கண் பிரச்சினை. வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறீர்கள் மிஸ்? நாலரைக்கு விட்டால் பஸ் பிடித்து இறங்கும்போது இருட்டிவிடும், மழைக் காலத்தில் அதற்கு முன்னமே இருட்டு, அப்புறம் மெயின் ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதைதான். அரை மணி நேரம் முந்தி விடுங்கள். பலர் நடுவில் நின்றுவிடுவது படிப்பு கஷ்டம் என்பதால் இல்லை, இந்த வழியால்தான். கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கையைப் பிடித்து இழுக்காமல் தங்கள் முழங்கையைப் பிடிக்கச் சொல்லட்டும்.

கொட்டகலை மிஸ்:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குக் கேட்டேன், 16 போதுமாம், கறுப்பில் வெள்ளை எழுத்துத்தான் வேண்டுமாம். என்விடிஏ போட்டுக் காட்டினேன், வேகத்தைக் கூட்டச் சொல்கிறாள்! கடிதம் எழுதுகிறேன். அவளுடைய தோட்டத்திலிருந்து வருகிற இன்னொரு பிள்ளையையும் அவளோடு சேர்த்து நாலு மணிக்கே விடுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஊவாக்காரன் அண்ணா, எக்செல் அட்டவணையை என்விடிஏயில் எப்படிப் படிப்பிப்பது என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள், அடுத்த பாடம் அதுதான்.