பொப் டிலனின் அதிகம் கேட்கப்படாத பாடல்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

முல்லைத்தீவு வாசகி:
அனைவருக்கும் வணக்கம். 2016 இல் அமெரிக்கப் பாடகர் பொப் டிலனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்த பின்னரே அவருடைய பாடல்களைக் கேட்கத் தொடங்கினேன். எல்லோரும் அறிந்தவற்றைக் கேட்டாயிற்று. அவற்றின் புகழில் மறைந்துபோனவற்றுள் எதை முதலில் கேட்கலாம் என்று, நெடுங்காலம் கேட்டுவருபவர்கள் சொல்லுங்கள். எனக்கு வரிகள்தான் முக்கியம்.

பரந்தன் வாசகன்:
'நோர்த் கன்ட்ரி புளூஸ்' பாடலிலிருந்து தொடங்குங்கள், சகோதரி. 1964 இல் வந்த மூன்றாவது அல்பத்தில் இருக்கிறது. டிலன் வளர்ந்த ஹிப்பிங், மினசோட்டாவில் இரும்புத்தாது வெட்டும் ஊர். அப்படியான ஓர் ஊர் படிப்படியாக ஓய்ந்துபோவதை ஒற்றைக் கித்தாருடன் பாடுகிறார். பள்ளிப் படிப்பை விட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவனை மணந்ததைச் சொல்லும் இடத்தில்தான், கதை சொல்வது ஒரு பெண் என்பதே நமக்குத் தெளிவாகிறது. பிறகு வேலை அரை நாளாகக் குறைகிறது. தென் அமெரிக்காவில் கூலி மலிவு, இங்கே தோண்டுவது கட்டுபடியாகாது என்று அமெரிக்காவின் கிழக்கில் உள்ளவர்கள் குறைகூறுகிறார்கள். கணவன் குடிக்கத் தொடங்குகிறான், ஒரு நாள் விடியும்போது படுக்கை வெறுமையாகக் கிடக்கிறது, மூன்று பிள்ளைகளோடு அவள் தனித்துப்போகிறாள். இத்தனைக்கும் டிலன் எங்குமே குரலை உயர்த்துவதில்லை. எங்கள் ஊரின் இரசாயனத் தொழிற்சாலையை முடக்கியது போர், அந்தச் சுரங்கத்தை மூடியது விலை. ஆனாலும், வளர்ந்த பிள்ளைகளை ஊரோடு பிடித்துவைக்க இங்கே ஒன்றுமில்லை என்று அவள் சொல்லி முடிப்பதை வன்னித் தாய்மாருக்கு விளக்கத் தேவையில்லை.

வவுனியாவிலிருந்து:
நல்ல தெரிவு. ஆயினும் டிலன் தாமே ஒதுக்கிவைத்த பாடல்களைக் கேட்காமல் அவரை முழுமையாக அறியமுடியாது என்பது என் கருத்து. 'பிளைண்ட் வில்லி மெக்டெல்' 1983 இல் 'இன்ஃபிடெல்ஸ்' அல்பத்துக்காக ஒலிப்பதிவாகியும் அதில் சேர்க்கப்படவில்லை. 1991 இல்தான், டிலனின் வெளிவராத ஒலிப்பதிவுகளைக் கொண்ட 'பூட்லெக் சீரிஸ்' தொகுப்பில் வெளிவந்தது. டிலன் பியானோவில், மார்க் நொப்ளர் கித்தாரில். அடிமைக் கப்பல்கள், எரியும் தோட்டங்கள், சங்கிலியில் பிணைக்கப்பட்ட கைதிகள் என்று அமெரிக்கத் தென்பகுதியின் கொடிய வரலாற்றினூடாகச் செல்லும் ஒவ்வொரு சரணமும், தலைப்பில் பெயர் வரும், ஜோர்ஜியாவின் பார்வையற்ற புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயர இசை) பாடகரைப்போல் பாட எவருமில்லை என்ற வணக்கத்தில் வந்து முடிகிறது. இவ்வளவு துயரத்தையும் பாடத் தம் குரலுக்கு வலுவில்லை என்று டிலனே உணர்ந்து பாடியதாகத்தான் எனக்குப் படுகிறது.

முல்லைத்தீவு வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. வரிகளை முதலில் வாசித்துவிட்டுக் கேட்பது நல்லதா?

பரந்தன் வாசகன்:
வேண்டாம், முதலில் கேளுங்கள். அவர் எந்தச் சொல்லை இழுக்கிறார், எதை விழுங்குகிறார் என்பது அச்சில் தெரியாது. இவ்விரண்டுக்கும் அடுத்து 'ரெட் ரிவர் ஷோர்' கேட்கலாம். 1997 இன் அல்பத்துக்காகப் பதிவான அந்தப் பாடலும் 2008 வரை வெளிவரவில்லை.