நகவுறையா, நகச்சட்டையா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பூனை வளர்ப்புக் கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. பூனை பிறாண்டிய கட்டில் காலுக்கு அடியில், நெல் உமி போல வளைந்து, உள்ளே கூடாக ஒரு நகத் துண்டு கிடக்குமே, அதற்கு என்ன பெயர் வைக்கலாம்? 'நகம் உதிர்தல்' என்று எழுதுகிறார்கள். பாம்பு தோல் மாற்றுவதை இங்கே மலையாளத்தில் 'உறயூரல்' என்பார்கள். அதை ஒட்டி 'நகவுறை கழிதல்' என்று வைக்கலாமா?

செங்கோட்டையிலிருந்து:

அண்ணா, 'உதிர்தல்' வேண்டவே வேண்டாம். முடி உதிர்ந்தால் அந்த இடம் வெறுமையாகும். இங்கே அப்படியில்லை. அந்தத் துண்டு விழுந்த இடத்தில் அதைவிடக் கூரான நகம் பளபளவென்று தயாராக இருக்கும். 'உதிர்தல்' என்று படித்தவர்கள் நகமே போய்விட்டது என்று பயந்து பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவார்கள்.

நடப்பது இதுதான். விரல் நுனி எலும்பைச் சுற்றி நகம் அடுக்கடுக்காக வளர்கிறது. உள்ளிருந்து புது அடுக்கு வர வர, மேலடுக்கு உயிருள்ள சதையை விட்டு விலகிக் காய்கிறது. மரத்தில் பிறாண்டும்போது அதில் விரிசல் விட்டு முழுக்கூடாகக் கழன்று விழுகிறது. முன்கால் நகத்துக்குப் பிறாண்டல், பின்கால் நகத்துக்குப் பல். கடித்து இழுத்தே அதை எடுத்துவிடும். ஒரு நகத்துக்கு ஏறக்குறைய 2, 3 மாதத்துக்கு ஒருமுறை.

'உறை' எனக்கு ஒப்பவில்லை. தமிழில் கத்தி போய் உட்காரும் இடம்தான் உறை. பூனைக்கு அப்படி ஓர் இடம் உண்மையிலேயே இருக்கிறது: சும்மா இருக்கையில் நகம் மறைந்திருக்கும் தோல் மடிப்பு. அந்தப் பெயர் அதற்கு வேண்டும். இரண்டையும் உறை என்றால், 'உறை நுனியை வெட்டலாம்' என்று படித்தவர் தோலில் கத்திரி வைப்பார். கழன்று விழுவதற்கு 'நகச்சட்டை' என்பேன். பாம்பு சட்டை உரித்தது என்றால் பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் புரியும். வினை 'சட்டை கழற்றுதல்'.

வெட்டும் பகுதிக்கும் ஒரு சொல் தேவை. வெளிச்சத்தில் பிடித்தால் நகத்தினுள் இளஞ்சிவப்பாகத் தெரிவது 'நகக்குருத்து'. விரலை மேலிருந்தும் கீழிருந்தும் மெல்ல அமுக்கினால் நகம் வெளியே வரும். குருத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்னால், வளைந்த நுனியை மட்டும் வெட்டுங்கள். பூனை நகம் பக்கவாட்டில் தட்டையானது. அந்தத் தட்டைப் பக்கங்களை அமுக்கி வெட்டினால் பிளக்கும். கத்திரி மேலிருந்து கீழாக விழவேண்டும். குருத்தில் பட்டு ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

'நகச்சட்டை' சரி, ஏற்கிறேன். 'உறை'யைத் தோல் மடிப்புக்கே விட்டுவிடுவோம். 'குருத்து' மட்டும் உறுத்துகிறது. வாழைக்குருத்து விரிந்து இலையாகும், இது அப்படி விரிவதில்லை. கிள்ளினால் மறுபடி வரும் என்ற எண்ணமும் அதில் இருக்கிறது. 'நகச்சதை' என்றாலே கை வைக்கத் தயங்குவார்கள்.

விட்டுப்போன ஒன்று: வயதான பூனை சரியாகப் பிறாண்டாது. சட்டை மேல் சட்டையாகத் தங்கி நகம் தடித்து, வளைந்து, பாதத்து மெத்தையையே குத்தும். முன்காலின் உட்புறம் உயரத்தில் இருக்கும் ஐந்தாவது விரலைக் கட்டாயம் பார்க்கவேண்டும். தரையில் படாததால் அது தேயவே தேயாது. முன்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்கால் ஒவ்வொன்றிலும் 4, ஆக 18 நகத்தையும் 2, 3 வாரத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. மாட்டுக்கு 'நஞ்சுக்கொடி தங்குதல்' என்கிறோமே, அதே வழியில் இந்தக் கோளாறுக்குச் 'சட்டை தங்குதல்' என்று வைக்கலாம்.

செங்கோட்டையிலிருந்து:

'நகச்சதை'யே இருக்கட்டும் அண்ணா, 'சட்டை தங்குதல்' அருமை. அந்தப் பக்கத்திலேயே பிறாண்டு கட்டையையும் சேர்த்துவிடுங்கள். பூனை முழு உடம்பையும் நீட்டி எட்டும்படி 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னங்கயிற்றை இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றினால் போதும். அடிப்பலகை கனமாக இருக்கவேண்டும். ஒருமுறை ஆடினாலும் பூனை அதை விட்டுவிட்டுக் கட்டில் காலுக்கே திரும்பிவிடும்.