பிஆர்எஸ்ஆர் அறிக்கை: கரன்ட், டீசல், தண்ணீர்க் கணக்கு திரும்பி வருகிறது

கிண்டி_கணக்கு:
பங்குச்சந்தையில் உள்ள பொதுத்துறை நிறுவனம், சென்னையில் மூன்று அலுவலகங்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் (நிறுவனத்தின் பொறுப்பு, நிலைத்தன்மை பற்றிய ஆண்டு அறிக்கை) அறிக்கையில், சுற்றுச்சூழல் பற்றிய 6ஆவது கொள்கைக்குக் கொடுத்த கரன்ட், டீசல், தண்ணீர் எண்களைச் சரிபார்ப்பவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதை ஆதாரமாக வைப்பது? பட்டியலிடப்படாத அரசுக் கழகங்களுக்கும் இது உண்டா?

மீட்டர்வாசி:
கடைசிக் கேள்விக்கு முதலில்: கிடையாது. 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். அரசு, தனியார் என்ற பேதம் அதில் இல்லை.

கரன்டில் மூன்று இடத்தில் தப்பு வரும் சார். ஒன்று, இரண்டு மாத பில். மார்ச் 10 முதல் மே 10 வரை 61 நாளுக்கு 12,200 யூனிட் என்றால், மார்ச்சின் 21 நாளுக்கான 4,200 போன நிதியாண்டுக்குப் போகணும். 8,000தான் இந்த ஆண்டுக்கு. இரண்டு, சிடி மீட்டர், அதாவது பெரிய கரன்டைக் குறைத்து அளக்கும் மீட்டர். 200/5 சிடி (200 ஆம்பியரை 5 ஆகக் குறைப்பது) என்றால் ரீடிங் வித்தியாசத்தை 40ஆல் பெருக்கணும். லாக் புத்தகத்தில் பெருக்காமல் எழுதியிருப்பார்கள், பில்லோடு ஒத்தே வராது. மூன்று, மாடியில் சோலார் இருந்தால் வாங்கியதில் வெளியே கொடுத்ததைக் கழித்துக் காட்டும் நெட் மீட்டர் பில்லை மட்டும் எடுக்காதீர்கள். வாங்கியது + சோலார் உற்பத்தி − வெளியே கொடுத்தது, இதுதான் உங்கள் பயன்பாடு.

ஜெனரேட்டர் கொடுத்த யூனிட்டைக் கரன்டோடு கூட்டவே கூடாது. அந்த ஆற்றல் டீசலாக ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. டீசலுக்கும் பங்க் பில் போதாது. ஆரம்ப இருப்பு + வாங்கியது − இறுதி இருப்பு. லிட்டருக்கு சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

அம்பத்தூர்_ஏசி:
எல்லோரும் விடுவது ஏசி கேஸ். மெக்கானிக் பில்லில் ‘கேஸ் சார்ஜிங்’ என்று மட்டும் இருக்கும், எத்தனை கிலோ என்று இருக்காது. ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) ஐந்தாம் அறிக்கைப்படி ஆர்-410ஏ என்ற ஏசி கேஸின் வெப்பமாக்கல் மதிப்பு 1924, அதாவது ஒரு கிலோ கசிந்தால் 1924 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பத்து கிலோ கசிந்தாலே 19 டன், கிட்டத்தட்ட 7,000 லிட்டர் டீசல் எரித்த மாதிரி! அதனால் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே ‘கேஸ் வகை, கிலோ எழுதாத பில்லுக்குப் பணம் இல்லை’ என்று சேர்த்துவிடுங்கள். பழைய ஆர்-22 கேஸ் மட்டும் ஸ்கோப் 1க்குள் (நிறுவனமே நேரடியாக வெளிவிடும் வாயுக்களின் கணக்கு) வராது, தனியாகக் காட்டணும்.

கிண்டி_கணக்கு:
நன்றி சார். கேஸை நாங்கள் யோசிக்கவே இல்லை. தண்ணீர்?

மீட்டர்வாசி:
தண்ணீரை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அறிக்கையில் வகை பிரித்துக் காட்டணும். போர்வெல் நிலத்தடி நீர். மெட்ரோ வாட்டர், தனியார் லாரி இரண்டுமே மூன்றாம் தரப்பு. நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகிறது என்று மெட்ரோ வாட்டரைக் கடல்நீர் வரிசையில் போடுகிறார்கள், அது தவறு. வாரியத்திடம் வாங்குவதால் அதுவும் மூன்றாம் தரப்புதான். லாரியை எண்ணிக்கையில் எழுதாதீர்கள். 9,000 லிட்டரா 12,000 லிட்டரா என்று சலானில் பார்த்து கிலோலிட்டராக்குங்கள். எடுத்ததையே பயன்பாடு என்று காட்டினால் திரும்பத்தான் வரும். வெளியேற்றிய கழிவுநீரைக் கழித்தால்தான் பயன்பாடு. போர்வெல்லுக்கு மீட்டர் இல்லை என்றால் இந்த வாரமே மாட்டுங்கள். பம்ப் ஓடிய மணி நேரத்தை வைத்துப் போடும் மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.