புதுப்பிப்பு: கன்சோல் இல்லாமல் ஸ்ட்ரீமிங்கிலேயே ஆடிவிடலாமா?

கேம் ஆடும் கருவியான கன்சோலை வாங்காமல், கேம் தொலைவிலுள்ள சர்வரில் ஓடி, படம் மட்டும் இணையம் வழியாக நம் திரைக்கு வரும் ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பலாமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். ஆடிப் பார்த்துவிட்டேன். நிதானமாக யோசித்து ஆடும் கேம்களில் குறையே தெரியவில்லை. சண்டை கேம்தான் கதை கந்தல். திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 17 மில்லிநொடி. பொத்தானை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்ப் படமாகத் திரும்புவதற்குள் சில ஃபிரேம்கள் ஓடிவிடுகின்றன. அடி முகத்தில் விழுந்த பிறகுதான் என் ஆள் கையைத் தூக்குகிறான்! வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறச் சொன்னவர்களுக்கு நன்றி, திக்கல் நின்றது. சர்வர் தொலைவில் இருந்தால் தாமதத்துக்குக் கேபிள் மருந்தில்லை.

அப்புறம், கூகுளின் கேம் ஸ்ட்ரீமிங் சேவையான ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரியில் மூடப்பட்டது. கூகுள் கேம்களுக்கான பணத்தைத் திருப்பித் தந்தது, சரி. எல்லாரும் தருவார்களா? மாதச் சந்தா போதும். ஸ்ட்ரீமிங் சேவையில் கேம் எதையும் விலைக்கு வாங்கப் போவதில்லை.