கசிஞ்ச படிவத்தை வச்சு எஞ்சினைக் கண்டுபிடிக்க ஏலுமா?

கல்லடி 149:
இந்தியாவில புது பைக் மொடலுக்கு அங்கீகாரம் எடுத்த படிவம் எண்டு பேஸ்புக்கில அடிக்கடி ஒரு மங்கல் படம் வருது. அதில கொள்ளளவு (சிசி), பவர் கிலோவாற்றில, ஆர்பிஎம் (நிமிசத்துக்கு எஞ்சின் எத்தினை தரம் சுத்துது எண்டது), வீல்பேஸ் (ரெண்டு சில்லுக்கும் இடையில உள்ள தூரம்), மொத்தப் பாரம் இவ்வளவும்தான் இருக்கும். மறுகா கீழ எல்லாரும் "புது எஞ்சின் வருது, இப்ப வாங்காதீங்க" எண்டு எழுதுவாங்க. இந்த நாலஞ்சு இலக்கத்தை வச்சு, அது புது எஞ்சினா, பழசையே தட்டித் திருத்தினதா எண்டு சொல்ல ஏலுமா? எனக்குத் தேவை 150–160 சிசி வகுப்பு.

ஏறாவூர் ஸ்பனர்:
ஏலும் தம்பி. ஆனா சிசியை மட்டும் பார்த்தா ஏமாறுவீங்க. உங்கட பேரிலயே உதாரணம் இருக்கு. யமஹா எப்ஸெட் 149, ஆர்15 155. வித்தியாசம் 6 சிசிதான். இப்ப பவரைப் பாருங்க: எப்ஸெட் 9.1 கிலோவாற், 7250 ஆர்பிஎம்மில. ஆர்15 வி4 13.5 கிலோவாற், 10000 ஆர்பிஎம்மில. முதலாவது காத்தில குளிருற ரெண்டு வால்வு எஞ்சின். மற்றது கூலன்ற், நாலு வால்வு, வால்வு திறக்கிற அளவை மாத்துற விவிஏ. ரெண்டுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல.

கணக்கு ரெண்டு. கிலோவாற்றை லீற்றரால பிரியுங்க: எப்ஸெட் 61, ஆர்15 87. பல்சர் 150 69, அப்பாச்சி 160 நாலு வால்வு 81. இந்த வகுப்பில 75க்குக் கீழ எண்டா ரெண்டு வால்வு, 80ஐத் தாண்டினா நாலு வால்வு எண்டு ஓரளவு நம்பலாம். அடுத்தது, கிலோவாற்றை 9549ஆல பெருக்கி ஆர்பிஎம்மால பிரிச்சா அந்த வேகத்தில உள்ள டோர்க் (எஞ்சின் சுழட்டுற விசை) வரும். எப்ஸெட்டுக்கு 12 நியூட்டன் மீற்றர், ஆர்15க்கு 12.9. அது உச்ச டோர்க் இல்ல, உச்சம் அதுக்குக் கீழ உள்ள ஆர்பிஎம்மில வரும். இதைக் குழப்பிப் போட்டுத்தான் பாதிப்பேர் "டோர்க் குறைஞ்சு போச்சு" எண்டு அழுறாங்க.

இன்னொண்டு, படிவத்தில இருக்கிறது கிலோவாற். 13.5ஐ அப்படியே குதிரைவலு எண்டு போடுறவங்களை நம்ப வேணாம். 1.36ஆல பெருக்குங்க, 18.4 பிஎஸ் வரும்.

சம்மாந்துறை சிலிண்டர்:
ஸ்பனர் காக்கா சொன்ன லீற்றர்க் கணக்கு 150–160 வகுப்புக்கு மட்டும்தான். றோயல் என்பீல்ட் ஹிமாலயன் 450ஐ எடுங்க: 452 சிசிக்கு 40 பிஎஸ், லீற்றருக்கு 65 கிலோவாற்தான். ஆனா அது கூலன்ற், ரெட்டைக் கேம், நாலு வால்வு. கீழ் ஆர்பிஎம்மில இழுக்கிறதுக்காக அப்படி ட்யூன் பண்ணினது.

கொள்ளளவு மாறினா, மாறினது போரா (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக்கா (பிஸ்டன் ஓடுற தூரம்) எண்டு பாருங்க. ரெண்டையும் மிமீயில போடுங்க: போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.7854 ÷ 1000, ரெட்டைச் சிலிண்டர் எண்டா அதை ரெண்டால பெருக்குங்க. படிவத்தில இந்த ரெண்டு அளவும் இல்லாட்டி, அந்தக் கம்பனி ஏற்கெனவே பாவிக்கிற போரைப் போட்டுப் பாருங்க. கேரிஎம் 390இல போர் 89தான், ஸ்ட்ரோக் 60இல இருந்து 64 ஆனதும் 373 சிசி 399 ஆச்சு. கவாசாகியும் அப்படித்தான்: 70 மிமீ போரை விட்டுட்டு ஸ்ட்ரோக்கை 51.8இல இருந்து 58.6 ஆக்கி, ரெட்டைச் சிலிண்டர் நின்ஜா 400 இன்ர 399ஐ 451 ஆக்கினாங்க. ஸ்ட்ரோக் மாறினா கிராங்க் (பிஸ்டன் சுழட்டுற தண்டு) மாறுது. பழைய மொடலின்ர கிராங்க் கொண்டுவந்து போடலாம் எண்டு கனவு காண வேணாம்.

சிசி எப்பவும் கூடும் எண்டும் இல்ல. எப்ஸெட் காபரேட்டர்ல 153 சிசி, போர் 58.0. இன்ஜெக்சனுக்கு வரேக்க 57.3 ஆக்கி 149க்கு இறக்கிட்டாங்க. ஸ்ட்ரோக் 57.9, மாறல்ல. அதால பிஸ்டன், ரிங் வாங்கேக்க "எப்ஸெட்" எண்டு மட்டும் கேட்டா பிழைக்கும். காபரேட்டரா, இன்ஜெக்சனா எண்டு சொல்லிக் கேளுங்க.

வீல்பேஸை வச்சு பிரேம் அதேதான் எண்டு முடிவு கட்டவும் ஏலா. எப்ஸெட் 1330 மிமீ, ஆர்15 1325.

கல்முனை கிராங்க்:
அமெரிக்கப் படிவங்களும் சுத்துது, அதையும் சொல்லிர்றன். கலிபோர்னியா புகைச் சான்றிதழ்ல கொள்ளளவும் புகை அளவும் இருக்கும், பவர் இராது. சேசி இலக்கத்துக்காகக் கம்பனிகள் அங்க குடுக்கிற விபரத்திலதான் குதிரைவலு வரும். அதை முதல் வண்டி விற்பனைக்கு வர 60 நாளுக்கு முந்தியாவது குடுக்கணும். சேசி இலக்கத்தில பத்தாவது எழுத்து வருசம்: 2024க்கு ஆர், 2025க்கு எஸ், 2026க்கு ரி.

ஆனா பெரிய பொறி வேற. இந்தியாவில 2025 ஏப்ரல்ல ஓபிடி (வண்டி தன்ர புகைப் பழுதைத் தானே கண்டுபிடிக்கிற முறை) இரண்டாம் கட்டத்தின்ர பி பகுதி வந்தது. அப்படி விதி மாறினா, எஞ்சின்ல ஒண்டும் மாத்தாத மொடலுக்கும் திரும்ப அங்கீகாரம் எடுக்கணும். சிசி அதே, ஆர்பிஎம் அதே, கிலோவாற் தசமத்தில மட்டும் ஆடியிருந்தா அது புது எஞ்சின் இல்ல, புது ஈசியூ (எஞ்சினை நடத்துற கொம்பியூட்டர்) எண்டுதான் நினைக்கணும்.

கல்லடி 149:
நன்றி காக்காமார். அப்ப காத்திருக்கிறதா, இப்ப வாங்குறதா?

கல்முனை கிராங்க்:
அங்க அங்கீகாரம் கிடைச்சது இஞ்ச வரும் எண்டதுக்கு உத்தரவாதம் இல்ல. வந்தாலும் இந்தியாவுக்குப் போட்ட அதே ட்யூனிங் வரும் எண்டும் இல்ல. பழைய எஞ்சின் எண்டா மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றில பார்ட்ஸ் எடுக்கலாம், கை வச்ச மெக்கானிக்கும் இருக்கார். புதுசு எண்டா, சீற்றுக்குக் கீழ ஸ்கானர் கொழுவுற 6 பின் சொக்கற் இருக்கா, அதுக்குரிய ஸ்கானர் ஷோரூம்காரரிட்ட இருக்கா எண்டு காசு குடுக்க முந்தியே கேளுங்க. ஓபிடி பி வண்டி மிஸ் அடிக்கிறதையும் கெற்றலிஸ்ற் (சைலன்சருக்குள்ள புகையைச் சுத்தமாக்குற பகுதி) பழுதாகிறதையும் கவனிச்சுக்கொண்டே இருக்கும். சத்தத்துக்காகச் சைலன்சரை மாத்திக் கெற்றலிஸ்ற்றைத் தூக்கினா எஞ்சின் லைற் பத்தும். பற்றரியைக் கழட்டிப் பூட்டினா சில நேரம் அணையும், திரும்ப வரும்.