இரவு ஷிப்ட் அட்டவணை: மூன்று அளவுகோலுக்கும் சமமான தீர்வு வேண்டும், சிபி-சாட் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கிடங்கு: 42 பேர், 28 நாள், 3 ஷிப்ட். பைத்தானில் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பிலுள்ள சிபி-சாட் (நிபந்தனைகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் நிரல்), 8 வொர்க்கர் (ஒரே நேரத்தில் இணையாகத் தேடுபவை). குறைக்க வேண்டியவை மூன்று: ஓவர்டைம், மறுக்கப்படும் லீவு, இரவு ஷிப்ட் ஏற்றத்தாழ்வு.

எடை போட்டுக் கூட்டினால் ஓரத் தீர்வுகளே வருகின்றன. பரேட்டோ எல்லையின் (ஒன்றைக் கெடுக்காமல் இன்னொன்றை மேம்படுத்த முடியாத தீர்வுகளின்) உட்குழிந்த பகுதியை எந்த எடையும் எட்டாது. ஓவர்டைமை முதலில் குறைத்து அந்த மதிப்பைப் பூட்டினால், இரவு ஷிப்ட் சிலர் தலையிலேயே விழுகிறது. இதுதான் பெரிய கவலை, ஆட்கள் தாங்க மாட்டார்கள். மூன்றில் மோசமானதை மட்டும் குறைக்கச் சொன்னால் கீழ்வரம்பு (இதற்குக் கீழே போக முடியாது என்று நிரூபணமான மதிப்பு) நகர்வதில்லை. எந்த மாறியை முதலில் தீர்மானிப்பது என்ற வரிசையைக் கொடுத்தாலும் பல வொர்க்கரில் பெரும்பாலானவை அதைப் பின்பற்றுவதில்லை. ஒரே வொர்க்கரில் ஃபிக்ஸ்ட் சர்ச் (கொடுத்த வரிசையிலேயே தேடும் முறை) வைத்தால் பின்பற்றுகிறது, ஆனால் ஊர்கிறது.

ஓர் அளவுகோலின் சிறந்த மதிப்பை முதலில் முயன்று, அது முடியாது என்று நிரூபணமானால் மட்டும் தளர்த்தி, முன்னுரிமையை அடுத்ததற்கு மாற்றும் தேடலை சிபி-சாட்டில் எப்படி அமைப்பது?